பெண் கண்டுபிடிப்பாளர்கள்: பட்டுத்தறி முதல் இஸ்திரி வண்டி வரை

காஞ்சிபுரம் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும்: உடலுக்கு ஒன்று, கரைக்கு இரண்டு. நெசவாளர் தறியின் ஒரு பக்கம் உட்கார, மறுகோடிக் கரை நாடாவைப் போட இன்னொரு ஆள் தேவை. பெரும்பாலும் வீட்டுப் பெண்ணோ பிள்ளையோதான் உட்காருவார்கள். பட்டை ராட்டையில் இழைத்து, நாடாவுக்குள் வைக்கும் தார்க்குச்சியில் சுற்றுவதும் பெண்களின் வேலை. தறியில் தீர்ந்துபோன பாவின், அதாவது நெடுக்கு இழைகளின், நுனியோடு புதுப் பாவை இழை இழையாகப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே முறுக்கிப் பிணைக்க வேண்டும். ஓர் இழை தவறினாலும் சேலையின் நீளம் முழுக்கக் குறை தெரியும். இத்தகைய கைமுறைகளையும் யாரோ சிலர் யோசித்துத்தான் உருவாக்கியிருக்க வேண்டும். 2005இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது ஊருக்கான உரிமை. தனி ஆளின் பெயருக்கு அதில் இடமில்லை. காப்புரிமை ஏட்டை மட்டும் பார்த்துப் பெண்களின் பங்கை அளந்தால் கணக்கு தப்பும்.

ஏட்டில் ஏறிய தொடக்ககாலப் பெயர்களில் ஒன்றும் நெசவைச் சேர்ந்ததே. அமெரிக்காவின் மேரி கீஸ், வைக்கோலைப் பட்டு இழையோடு பின்னும் முறைக்கு 1809இல் காப்புரிமை பெற்றார். மார்கரெட் நைட், பருத்தி ஆலையில் தறி நாடா தெறித்து ஒருவர் காயப்பட்டதைப் பார்த்து, சிறுமியாக இருக்கும்போதே ஒரு பாதுகாப்புக் கருவியை அமைத்தார். அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. பின்னாளில் அடிதட்டையான காகிதப்பை செய்யும் இயந்திரத்தை அவர் வடிவமைத்தபோது, அதைப் பார்த்த ஒருவர் தன்னுடையதென்று உரிமை கோரினார். நைட் தம் வரைபடங்களைச் சான்றாக வைத்து வழக்கில் வென்று, 1871இல் காப்புரிமை பெற்றார்.

சென்னையில் அ. லலிதா கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படித்து, 1940களின் முற்பாதியில் மின்பொறியாளரானார். இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவர். பேராசிரியரான தந்தை பப்பு சுப்பா ராவுடன் சேர்ந்து புகையில்லா அடுப்பு ஆய்விலும் ஈடுபட்டார். சமையலறைப் புகையை அன்றாடம் குடிப்பவர்கள் பெண்களே என்பதால் இந்த ஆய்வு தனிக் கவனத்துக்கு உரியது.

காஞ்சிபுரத்துக்குத் தென்மேற்கே உள்ள திருவண்ணாமலையின் வினிஷா உமாசங்கர் கரியிலிருந்து தொடங்கினார். இஸ்திரிக்காரர் எரிந்த கரியைத் தெருவோரம் கொட்டி ஆறவைப்பதைப் பார்த்த அந்த 12 வயதுப் பள்ளி மாணவி, கூரையில் சூரியத் தகடு பொருத்திய மிதிவண்டி இஸ்திரி வண்டியை 2019இல் வடிவமைத்தார். ஐந்து மணிநேர நல்ல வெயில் கிடைத்தால் ஆறு மணிநேரம் துணி தேய்க்கலாம். கைபேசிக்கு மின்னேற்றிக் கொடுத்து உபரியாகச் சம்பாதிக்கவும் வழியுண்டு. தேசியப் புத்தாக்க அறக்கட்டளை முழு அளவு மாதிரியைச் செய்து கொடுத்தது. 2020இல் ஸ்வீடனின் சிறார் காலநிலைப் பரிசு அவருக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்றுக்கு வந்து, கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன் பேசினார்.