அமெரிக்காவில் எழுத்துப் படிப்பு: கட்டணமும் பலனும்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கதை, கவிதை, கட்டுரை எழுதப் பயிற்சி தரும் முதுநிலைப் பட்டத்துக்கு எம்.எஃப்.ஏ. என்று பெயர். இரண்டு அல்லது மூன்று ஆண்டுப் படிப்பு. நம் பிள்ளைகளில் யாராவது இதற்கு விண்ணப்பிக்க விரும்பினால், பெற்றோர் முதலில் கேட்பது "எவ்வளவு செலவாகும்?" என்பதுதான். ஒரே பட்டத்துக்கு ஓரிடத்தில் ஒன்றுமில்லை, இன்னோரிடத்தில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் என்பதே இதற்கு விடை.

1936இல் தொடங்கிய அயோவா எழுத்தாளர் பட்டறை இத்துறையின் மூத்த நிறுவனம். அங்கு சேரும் மாணவர்களுக்குப் பல்கலைக்கழகமே நிதியுதவி தருகிறது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் மிச்னர் மையத்திலும் கட்டணம் கிடையாது, வாழ்க்கைச் செலவுக்கும் பணம் தருகிறார்கள். வேறு பல அரசுப் பல்கலைக்கழகங்களில் இளநிலை மாணவர்களுக்குப் பாடம் எடுத்தால் கட்டணம் தள்ளுபடியாகும், சிறு ஊதியமும் உண்டு. ஆனால் எல்லாவற்றிலும் இடங்கள் மிகக் குறைவு.

மறுபக்கம் நியூயார்க்கின் கொலம்பியா. ஆண்டுக் கட்டணமே 60,000 டாலரைத் தாண்டுகிறது. தங்குமிடமும் சாப்பாடும் தனி. பெயர் பெற்ற இடம்தான், ஆனால் பெயரைக் கொண்டு கடனை அடைக்க முடியாது. அதே கலைப் பள்ளியின் திரைப்படப் பிரிவைப் பற்றி 2021இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் ஒரு செய்தி வெளியிட்டது. அரசுக் கடன் வாங்கிப் படித்தவர்களின் இடைநிலைக் கடன் 181,000 டாலர். படிப்பு முடிந்து இரண்டு ஆண்டுகளில் அவர்களில் பாதிப்பேரின் ஆண்டு வருமானம் 30,000 டாலரை எட்டவில்லை.

அமெரிக்கக் கல்வித் துறையின் 'காலேஜ் ஸ்கோர்கார்டு' இணையதளத்தில் கல்லூரி, பாடம் வாரியாகக் கடனையும் வருமானத்தையும் பார்க்கலாம். ஆனால் அது அரசு உதவி பெற்ற மாணவர்களை மட்டுமே கணக்கில் கொள்கிறது. வெளிநாட்டு மாணவர்களுக்கு அந்த உதவி கிடையாது என்பதால் அவர்களின் நிலை அதில் தெரியாது.

நம்மவர்கள் அதிகம் கவனிக்காத இன்னொன்று விசா. கணினி, பொறியியல் படித்தவர்கள் படிப்புக்குப் பின் மூன்று ஆண்டுகள் வரை அங்கு வேலை பார்க்க முடிகிறது. எழுத்துப் படிப்புக்கு 12 மாதங்கள்தான். அதற்குள் பதிப்பகத்திலோ கல்லூரியிலோ வேலை தேட வேண்டும். கல்லூரியில் கற்பிக்க இப்பட்டம் தகுதி என்றாலும், நிரந்தர இடத்துக்குப் பெரும்பாலும் வெளிவந்த புத்தகமும் கேட்பார்கள். ஆக, இங்கிருந்து வட்டிக்குக் கடன் வாங்கிப் போகிறவருக்குக் கணக்கு நேராக வராது. வட்டி கூடாது என்பது ஒருபுறம் இருக்க, வெறும் வரவு செலவாகப் பார்த்தாலும் அதுதான் நிலை.

பாகிஸ்தானைச் சேர்ந்த நாவலாசிரியர் மொஹ்சின் ஹமீத், பிரின்ஸ்டனில் படித்தபோது டோனி மாரிசனின் வகுப்பில் தம் முதல் நாவலை எழுதத் தொடங்கினார். பிறகு ஹார்வர்டில் சட்டம் படித்து, மெக்கின்சி நிறுவனத்தில் வேலை பார்த்துக் கல்விக் கடனை அடைத்தார். எழுத்தும் தொடர்ந்தது. 'த கைட் ரன்னர்' எழுதிய காலித் ஹுசைனி அப்போது மருத்துவராகப் பணியாற்றிக்கொண்டிருந்தார்.

இடம் கிடைத்துவிட்டால், கட்டணத் தள்ளுபடி எத்தனை ஆண்டுக்கு, மருத்துவக் காப்பீடு யார் பொறுப்பு, கோடை மாதங்களுக்கு ஊதியம் உண்டா என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விண்ணப்பக் கெடு பெரும்பாலும் டிசம்பரிலும் ஜனவரியிலும் முடிகிறது. மதிப்பெண்ணைவிட, அனுப்பும் கதை அல்லது கவிதைகளைப் பார்த்தே தேர்ந்தெடுக்கிறார்கள்.