பாஞ்சாலங்குறிச்சியின் படைக்கலம்

1799இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட கும்பினியார், பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டமாக்கினர். பாளையங்களின் படைக்கலங்களையும் பறித்தனர். 1801 பிப்ரவரி 2ஆம் நாள் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பினார். ஒரு வாரத்தில் மண்கோட்டை மீண்டெழுந்தது. துப்பாக்கிக்கும் மருந்துக்கும் எங்கே போவது? பகைவனின் கிடங்கே வழியாயிற்று. முத்துக்குளித்துறையாகிய தூத்துக்குடியில், 1795இல் டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் பெற்ற கோட்டையும் வீரர்வசமாயிற்று. வீழ்ந்த கோட்டைகளே கருவி ஈந்தன.

மார்ச் 31ஆம் நாள் தாக்கித் தோற்ற கும்பினியாரோ, புதுப்படையும் பீரங்கியும் வருமளவும் ஏறத்தாழ எட்டு வாரம் காத்திருந்து, மே 24இல் கோட்டையைப் பிடித்தனர். நவம்பரில் ஊமைத்துரையும் தூக்கிலிடப்பட்டார்.

விரைவு அவரிடம் இருந்தது. மீண்டும் மீண்டும் வருவிக்கும் வளம் பகைவரிடம் இருந்தது. பறித்த மருந்து தீர்ந்தால் தீர்ந்ததே. வீரம் பாடும் நாம் அம்மருந்தின் கணக்கையும் நினைத்தல் வேண்டும்.