கார உலோகங்களின் வினைதிறன்

தனிம வரிசை அட்டவணையின் முதல் தொகுதியிலுள்ள லித்தியம், சோடியம், பொட்டாசியம், ருபீடியம், சீசியம், பிரான்சியம் ஆகிய ஆறும் கார உலோகங்கள் எனப்படும். தொகுதியில் கீழே செல்லச் செல்ல வினைதிறன் மாறுவதைக் கண்ணெதிரே காட்டுவதில் இவற்றுக்கு நிகரில்லை. நீரில் இட்டால் லித்தியம் மிதந்தபடி மெல்ல நுரைக்கும். சோடியம் உருகி, உருண்டு திரண்டு, நீர்ப்பரப்பில் அங்குமிங்கும் ஓடும். பொட்டாசியம் ஊதாச் சுடருடன் எரியும். ருபீடியமும் சீசியமும் நீரைத் தொட்டதுமே வெடிக்கும்.

இவ்வணுக்களின் வெளிக்கூட்டில் இருப்பது ஒரே ஓர் எலக்ட்ரான். அதை இழப்பதே இவற்றின் வேதியியல். கீழே வரவர அணு பெரிதாகிறது. உட்கூடுகளின் எலக்ட்ரான்கள் அணுக்கருவின் ஈர்ப்பை மறைக்கின்றன. வெளி எலக்ட்ரானின் பிடி தளர்கிறது. அதை நீக்கத் தேவைப்படும் அயனியாக்கும் ஆற்றல் லித்தியத்துக்கு மோலுக்கு 520 கிலோஜூல், சோடியத்துக்கு 496, பொட்டாசியத்துக்கு 419, ருபீடியத்துக்கு 403, சீசியத்துக்கு 376.

பாடநூல்கள் பெரும்பாலும் இத்துடன் நிறுத்திக்கொள்கின்றன. ஆனால் லித்தியம் இந்த வரிசைக்குள் அடங்குவதில்லை. நியம மின்முனை அழுத்தத்தில் மிகவும் எதிர்க்குறியானது அதுதான்: −3.04 வோல்ட். சோடியத்துக்கு −2.71 மட்டுமே. லித்தியம் அயனி மிகச் சிறியது. நீர் மூலக்கூறுகள் அதை நெருங்கிச் சூழும்போது பேரளவு ஆற்றல் வெளிப்படுகிறது. எலக்ட்ரானை நீக்கச் செலவான ஆற்றலை இது ஈடுகட்டிவிடுகிறது. நீருடன் வினைபுரியும்போது மோல் ஒன்றுக்கு அதிக வெப்பம் தருவதும் லித்தியமே. அப்படியிருந்தும் அதன் வினை மெதுவாக நடப்பதற்கு உருகுநிலை ஒரு முக்கியக் காரணம். சோடியம் 98 டிகிரி செல்சியசிலும் சீசியம் 28.5 டிகிரியிலும் உருகிப் புதுப்பரப்பை நீருக்குக் காட்டுகின்றன. லித்தியம் உருக 180 டிகிரி வேண்டும். வெளிப்படும் ஆற்றல் வேறு, வினையின் வேகம் வேறு. வினைதிறன் என்ற ஒரே சொல்லில் இரண்டையும் கலப்பதால்தான் மாணவர்களுக்குக் குழப்பம் வருகிறது.

காற்றிலும் லித்தியம் தனிவழிதான். சாதாரண வெப்பநிலையிலேயே நைட்ரஜனுடன் சேரும் கார உலோகம் அது ஒன்றே. காற்றில் எரிந்தால் லித்தியம் சாதாரண ஆக்சைடையும், சோடியம் பெராக்சைடையும், பொட்டாசியம் சூப்பராக்சைடையும் முதன்மையாகத் தருகின்றன. சோடியத்தையும் பொட்டாசியத்தையும் மண்ணெண்ணெயில் மூழ்கவைத்துச் சேமிப்பதுபோல் லித்தியத்தைச் சேமிக்க முடியாது, மண்ணெண்ணெயிலும் மிதந்துவிடும்.

கார உலோகங்கள் நீரில் வெடிப்பதற்குக் காரணம் வெளியேறும் ஹைட்ரஜன் தீப்பிடிப்பதே என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 2015-இல் பிராக் நகரின் பாவெல் யுங்விர்த் குழுவினர் சோடியம்-பொட்டாசியம் கலவைத் துளியை அதிவேகக் கேமராவில் படம்பிடித்து வேறு விளக்கம் தந்தனர். எலக்ட்ரான்கள் நொடிப்பொழுதில் நீருக்குள் பாய்கின்றன. நேர்மின்னூட்டம் மிஞ்சிய உலோகம் தன்னைத்தானே விலக்கிக்கொண்டு, ஒரு மில்லிவிநாடிக்குள் முட்களாகச் சிதறுகிறது.

எலக்ட்ரானை ஏற்று வினைபுரியும் ஹாலஜன்களில் போக்கு தலைகீழ். மேலேயுள்ள ஃபுளூரினே மிகத் தீவிரமானது. அங்கும் ஒரு விலகல் உண்டு. எலக்ட்ரான் நாட்டம் குளோரினுக்கே அதிகம். ஃபுளூரின் முந்துவதற்கு அதன் இரு அணுக்களுக்கிடையேயான பிணைப்பு வலுவற்றது என்பதும் காரணம்.

1939-இல் மார்கரித் பெரே கண்டறிந்த பிரான்சியம், கார உலோகங்களின் வரிசைப்படி, வினைதிறனில் சீசியத்தை மிஞ்சியிருக்க வேண்டும். அதன் அயனியாக்கும் ஆற்றலோ சீசியத்தைவிடச் சற்றே கூடுதல். கனமான அணுக்கருவின் அருகே எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் கணிசமான பங்கை எட்டுவதால், சார்பியல் விளைவாக வெளிக்கூடு சுருங்குகிறது. 11-ஆம் தொகுதியில் இவ்விளைவு மிக வலுவானது. செம்புக்கு 745 கிலோஜூலாகவும் வெள்ளிக்கு 731 ஆகவும் உள்ள முதல் அயனியாக்கும் ஆற்றல் தங்கத்தில் 890-க்கு உயர்கிறது. தங்கம் காற்றில் கறுக்காமலிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.