ஆக்ஸ்ஃபர்டு ராக்வர்ட்: ரயிலுக்கு முந்தைய காலம்

சூரியகாந்திக் குடும்பத்து மஞ்சள் பூச்செடியான ஆக்ஸ்ஃபர்டு ராக்வர்ட் (செனிசியோ ஸ்குவாலிடஸ்) பிரித்தானியாவில் பரவியதைப் பற்றி எழுதுவோர் எல்லாரும் தாவரவியலாளர் ஜார்ஜ் கிளாரிட்ஜ் ட்ரூஸின் ரயில் பயணத்துக்கு வந்து சேர்கிறார்கள். ஆக்ஸ்ஃபர்டு அருகே சன்னல் வழியாகப் பெட்டிக்குள் புகுந்த பஞ்சு விதைகள் காற்றிலேயே மிதந்துகொண்டிருந்து டைல்ஹர்ஸ்ட்டில் வெளியேறியதைக் கண்டதாக அவர் எழுதினார். தண்டவாளத்தின் கரிக்கசடு, செடியின் பூர்வீகமான சிசிலியின் எட்னா எரிமலையின் லாவாவைப் போன்றது என்ற விளக்கமும் இதனோடு சேர்ந்தது. ஆக்ஸ்ஃபர்டுக்கு ரயில் வந்தது 1844-இல். இம்மூன்றையும் கோத்து, ரயில் வந்ததால் செடி பரவியது என்று முடிப்பது வழக்கமாகிவிட்டது. செடி எப்படி நகர்ந்தது என்பதற்கு இந்த விளக்கம் பொருந்தும். எப்போது தொடங்கியது என்பதற்குப் பொருந்தாது என்பது என் வாதம்.

சாட்சியின் காலத்தை முதலில் பார்க்கவேண்டும். 1850-இல் பிறந்த ட்ரூஸ், ஆக்ஸ்ஃபர்டின் ஹை ஸ்ட்ரீட்டில் மருந்துக்கடை வைத்தது 1879-இல். டைல்ஹர்ஸ்ட் நிலையம் திறக்கப்பட்டது 1882-இல். ஆகவே அவர் கண்டது, பரவல் நன்றாக நடந்துகொண்டிருந்த காலத்துக் காட்சி. 1844-ஐ ஒட்டிய முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு அவர் சாட்சியாக முடியாது.

அந்த இடைவெளியில் நடந்தது என்ன? தாவரவியலாளர் டி. எச். கென்ட் இச்செடியைப் பற்றி 1950-களில் தொடங்கி வெளியிட்ட கட்டுரைத் தொடரில் முதற்பகுதி 1877 வரையான பழம்பதிவுகளையும், அடுத்தது 1879 முதல் 1939 வரை ஆக்ஸ்ஃபர்டிலிருந்து நிகழ்ந்த பரவலையும் பேசுகின்றன. ரயில் வந்தபின் ஒரு தலைமுறைக் காலம் செடி பெரிதாக அசையவில்லை என்று இதைப் படிக்கலாம். ஆனால் பரவலின் தொடக்க ஆண்டு என்று நிற்கும் 1879, ட்ரூஸ் ஊருக்குள் வந்த ஆண்டும்கூட. செடி அப்போதுதான் நகர்ந்ததா, நகர்வதைக் குறித்துவைக்க ஆள் அப்போதுதான் வந்தாரா? பதிவுகளை மட்டும் வைத்து இதைத் தீர்க்க முடியாது. என் வாதத்துக்குப் பாதகமான கேள்வி என்றாலும் ஒதுக்கிவிட்டுப் போக மனமில்லை.

தாமதம் உண்மையே என்று நான் கருதக் காரணம் செடியின் இயல்பு. ராக்வர்ட் தன் மகரந்தத்தால் தானே கருவுறாது. தனியாக விழுந்து முளைத்த ஒரு விதை பூக்கும். ஆனால் அது தனித்தே இருந்தால் சந்ததி இல்லை. பக்கத்தில் இன்னொரு செடி இருந்தாலும் போதாது. அது பொருந்தும் வகையாகவும் இருக்கவேண்டும். பிரித்தானியச் செடிகளில் இப்பொருத்தத்தைத் தீர்மானிக்கும் மரபணு வடிவங்கள் மிகச் சிலவே என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. ட்ரூஸின் பெட்டியில் பறந்த நாலைந்து விதைகளால் ஒரு குடியிருப்பு எழுந்திருக்க வாய்ப்புக் குறைவு. ஆண்டுதோறும் விதை வந்து விழுந்துகொண்டே இருக்கவேண்டும். அதற்கு மூலத்தில், அதாவது ஆக்ஸ்ஃபர்டில், செடி ஏற்கெனவே மண்டியிருக்கவேண்டும்.

லாவா ஒப்புமையோ இதைவிட வலுவற்றது. எட்னாவின் மேற்சரிவில் ஒரு செனிசியோ இனமும் கீழ்ச்சரிவில் இன்னொன்றும் வளர்கின்றன. இடையில் கலப்பு வலயம். அக்கலப்பிலிருந்தே ஆக்ஸ்ஃபர்டுச் செடி உருவானது என்று ஆய்வாளர்கள் ஜேம்ஸும் ஆபட்டும் 2005-இல் நிறுவினர். இங்கிலாந்துக்கு அது வந்த வழியை 2002-இல் ஸ்டீஃபன் ஹாரிஸ் உலர்தாவரத் தொகுதிகளைக்கொண்டு துலக்கினார். சிசிலியின் பிரான்செஸ்கோ குப்பானி, அவரோடு தொடர்பிலிருந்த வில்லியம் ஷெரார்டு, ஷெரார்டு 1700 முதல் 1702 வரை ஆசிரியராகத் தங்கிய பேட்மின்டன் மாளிகை, அங்கே தோட்டம் வளர்த்த போஃபர்ட் சீமாட்டி மேரி சாமர்செட், பிறகு ஆக்ஸ்ஃபர்டுத் தாவரவியல் தோட்டத்தின் இளைய ஜேக்கப் போபார்ட் என்று அந்தச் சங்கிலி செல்கிறது. சீமாட்டியின் 12 உலர்தாவரத் தொகுதிகள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருப்பதால் பேட்மின்டன் கண்ணி உறுதியானது. குப்பானி பொறுப்பேற்றிருந்த மிசில்மேரித் தோட்டம் பலெர்மோவை அடுத்தது. எட்னாவோ தீவின் எதிர்ப்பக்கம். எனவே செடி மலையிலிருந்து நேரே தண்டவாளத்துக்கு இறங்கவில்லை. தோட்ட மண்ணில் பல தலைமுறை வாழ்ந்து, அங்கே பிழைத்தவற்றின் வழியாக மாறி வந்தது. கரிக்கசட்டில் பழைய லாவாவை அடையாளம் கண்டுகொண்டது என்பது கேட்க அழகான கதை, அவ்வளவே.

தோட்டத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ஆக்ஸ்ஃபர்டுச் சுவர்கள் இருக்கின்றன. ஜான் சிப்தார்ப் 1794-இல் வெளியிட்ட ‘ஃப்ளோரா ஆக்ஸோனியென்சிஸ்’ நூலிலேயே அது நகரச் சுவர்ச் செடி. வறண்ட கல்லிடுக்கில் வேர்பிடிக்கும் பழக்கம், ரயில் வருவதற்கு ஐம்பது ஆண்டு முன்பே அதற்குக் கைவந்திருந்தது. ரயில்வே அந்தப் பழக்கத்துக்கு நீண்ட இடம் கொடுத்தது, பழக்கத்தை உண்டாக்கவில்லை.

ரயிலின் பங்கை நான் குறைத்துச் சொல்வதாகத் தோன்றலாம். ஆனால் 1979-இல் யார்க் ரயில் நிலையக் கார் நிறுத்தத்தில், ராக்வர்ட்டும் கிரவுன்ட்செல் என்னும் சாதாரணக் களைச்செடியும் கலந்த வழியில் உருவான புதிய இனம் கண்டறியப்பட்டதே, அந்த வகையில் ரயிலின் கணக்கில் சேரவேண்டிய நிகழ்வு பெரிதுதான்.

செடி தோட்டத்து மதிலைத் தாண்டிய ஆண்டு மட்டும் கைக்கு எட்டவில்லை. போபார்ட் இறந்தது 1719-இல்; சிப்தார்ப்பின் நூல் வந்தது 1794-இல். இடைப்பட்ட 75 ஆண்டுகளில் எந்தப் பத்தாண்டையும் தேர்ந்துசொல்ல ஆதாரம் இடந்தரவில்லை. 1794-க்கு முன் என்று மட்டும் எழுதி நிறுத்துகிறேன்.