மை பூசப்பட்ட முகங்கள்

பத்திரிகை அலுவலகத்தில் முப்பது வருடங்களுக்கும் மேலாகப் பணியாற்றியவன் என்ற வகையில், வெட்டப்பட்ட வரிகளும் நீக்கப்பட்ட படங்களும் எனக்குப் புதியவையல்ல. எனினும், ஒரு கலைஞர் தாமே வடிவமைத்த நூலிலுள்ள முகங்களின் மீது தம் கையாலேயே கறுப்பு மை பூசியிருந்ததைக் கண்டபோது திடுக்கிட்டேன். அவர்தான் ரஷ்யப் புகைப்படக் கலைஞர் அலெக்சாண்டர் ரொட்சென்கோ.

1891 இல் சென். பீற்றர்ஸ்பேர்க்கில் பிறந்து கசான் நகரில் ஓவியம் பயின்றவர் அவர். 1921 இல் சிவப்பு, மஞ்சள், நீலம் என ஒவ்வொன்றும் ஒரே நிறத்தாலான மூன்று ஓவியங்களைக் காட்சிக்கு வைத்து, ஓவியக் கலையின் கதை அத்துடன் முடிந்துவிட்டதென்று அறிவித்தார். புரட்சி உருவாக்கும் புதிய சமுதாயத்துக்குப் புதிய கலை வேண்டுமென நம்பிய அவர், 1924 இல் கமராவைக் கையிலெடுத்தார். கவிஞர் மாயகோவ்ஸ்கியின் உருவப்படங்களும், மூக்குக்கண்ணாடியின் ஒரு வில்லையைக் கண்ணருகே பிடித்து வாசிக்கும் தாயாரின் படமும் அவ்வாண்டில் எடுக்கப்பட்டவை.

கமராவை வயிற்று மட்டத்தில் வைத்து நேராகப் பார்ப்பது பழைய ஓவியர்களின் பழக்கம் என்று ரொட்சென்கோ வாதிட்டார். மாடிமுகப்பிலிருந்து கீழ்நோக்கியும் தரையிலிருந்து மேல்நோக்கியும் படமெடுத்தார். 1930 இல் எடுத்த எக்காளம் ஊதும் சிறுவனின் படம் இதற்கு நல்ல உதாரணம். ஆனால், இந்தப் புதுமையே அவருக்கு வினையாயிற்று. மேற்கு நாட்டவரைப் பிரதிபண்ணுகிறார் என்ற குற்றச்சாட்டு 1928 இலேயே எழுந்தது. அடுத்து 'உருவவாதி' என்ற முத்திரை விழுந்தது. தாம் சார்ந்திருந்த 'ஒக்ரோபர்' கலைஞர் குழுவிலிருந்தும் அவர் விலக்கப்பட்டார்.

1933 இல் வெண்கடல் - போல்டிக் கால்வாய்க்கு அவர் அனுப்பப்பட்டார். 227 கிலோமீற்றர் நீளமான அக்கால்வாயைக் கைதிகளே வெட்டினர். ஆயிரக்கணக்கானோர் அங்கு மடிந்தனர். கைதிகள் உழைக்க, அருகே வாத்தியக் குழு இசைப்பதைக் காட்டும் அவரது படம் இன்றும் இருக்கிறது. அப்படங்கள் அரசின் பிரசார சஞ்சிகையில் வெளிவந்தன. மரணங்கள் அச்சேறவில்லை.

பின்னர், மனைவி ஸ்டெபனோவாவுடன் இணைந்து 'உஸ்பெகிஸ்தானின் பத்து ஆண்டுகள்' என்ற நூலை வடிவமைத்தார். அது 1934 இல் வெளியானது. மூன்று ஆண்டுகளில் ஸ்டாலினின் களையெடுப்பு உஸ்பெகிஸ்தானை எட்டியது. நூலில் இடம்பெற்றிருந்த தலைவர்கள் பலர் 'மக்கள் விரோதிகள்' ஆயினர். அத்தகையோரின் படத்தை வீட்டில் வைத்திருப்பதே ஆபத்து. ரொட்சென்கோ தமது பிரதியை எடுத்து, அம்முகங்களை மையால் மூடினார். 1956 டிசம்பரில் அவர் காலமான பின்னரும் அந்நூல் மொஸ்கோவில் அவரது கலைக்கூடத்திலேயே இருந்தது. பிரித்தானிய ஆய்வாளர் டேவிட் கிங் அதைக் கண்டெடுத்து, 1997 இல் வெளியிட்ட தமது நூலின் மூலம் உலகறியச் செய்தார்.

ரொட்சென்கோவைக் கோழை என்று கூற என்னால் முடியாது. எவரும் கட்டளையிடாமலேயே, அச்சத்தினால் நானும் சில வரிகளைச் சிவப்புப் பேனாவால் அடித்திருக்கிறேன். அந்தத் தாள்கள் குப்பைக்கூடைக்குப் போய்விட்டன. என்ன அடித்தேன் என்பதற்கு இன்று சாட்சியமில்லை. அவர் அந்நூலை எரித்திருக்கலாம். அதுவே பாதுகாப்பான வழி. ஆனால் எரிக்கவில்லை. அதனாற்றான், மைக்கு அடியில் மனிதர்கள் இருந்தார்கள் என்பது நமக்குத் தெரிகிறது.