ஏழைகளின் ஊட்டி: ஒரு பட்டப்பெயரும் மூன்று திருவிழாக்களும்

நம்ம ஊர்ப் பக்கம் பட்டப்பெயர் இல்லாத ஊரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். மதுரை என்றால் தூங்கா நகரம். தூத்துக்குடி முத்து நகரம். திருச்சி மலைக்கோட்டை மாநகரம். கோவை தென்னிந்தியாவின் மான்செஸ்டர். சேலம் மாங்கனி நகரம். அந்தச் சேலத்தின் தலைக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும் ஏற்காட்டுக்கு மட்டும் கிடைத்த பெயர் "ஏழைகளின் ஊட்டி"!

மற்ற பெயர்களை எல்லாம் அந்தந்த ஊர்க்காரர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லலாம். கோவைக்கு வைத்த பெயரும் இன்னொரு ஊரை வைத்து வந்ததுதான், ஆனால் அதை யாரும் "ஏழைகளின் மான்செஸ்டர்" என்று சொல்வதில்லை. ஏற்காட்டின் பெயர் பாராட்டா, பரிதாபமா? அதில் வரும் "ஏழை" யார்? கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் சுவாரசியமான வரலாறு கிடைக்கிறது.

முதலில் நிஜப் பெயர்

ஏரி + காடு = ஏற்காடு. ஊரின் நடுவே ஏரி, சுற்றிலும் காடு. இதைவிட எளிமையாக ஒரு ஊருக்குப் பெயர் வைக்க முடியாது. ஊர் இருப்பது கடல் மட்டத்திலிருந்து சுமார் 1515 மீட்டர் உயரத்தில். மலைத்தொடரின் பெயர் சேர்வராயன் மலை. மலை உச்சியில் கோயில் கொண்டிருக்கும் சேர்வராயன் சாமியின் பெயர்தான் மலைக்கும். வெள்ளைக்காரர்கள் வாயில் அது நுழையாமல் "ஷெவராய்" ஆகிவிட்டது.

இரண்டு கலெக்டர்கள், இரண்டு மலைகள்

ஊட்டியும் ஏற்காடும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில்தான் ஆங்கிலேயர் கண்ணில் பட்டன. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819ல் நீலகிரிக்கு ஏறினார். 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பி பயிரிட வைத்தார். இன்றும் அவரை "ஏற்காட்டின் தந்தை" என்று சொல்கிறார்கள்.

இங்கே ஒரு சின்னத் தகவல். "சென்னை கவர்னர் சர் தாமஸ் மன்றோ 1842ல் ஏற்காட்டைக் கண்டுபிடித்தார்" என்று பல சுற்றுலாப் பக்கங்களில் எழுதியிருப்பார்கள். மன்றோ 1827ஆம் ஆண்டே காலராவில் இறந்துபோனவர்! செத்து 15 வருஷம் கழித்து ஒரு மனிதர் மலையேறி ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா? ஒருவர் எழுதியதை இன்னொருவர் காப்பி அடித்து, அதை மூன்றாமவர் காப்பி அடித்து வந்த வினை இது. அதைவிடப் பெரிய தவறு "கண்டுபிடித்தார்" என்ற வார்த்தை. அங்கே ஏற்கெனவே மக்கள் இருந்தார்கள், உழுதார்கள், சாமி கும்பிட்டார்கள்.

ஒரே காலத்தில் தொடங்கினாலும் இரண்டு ஊர்களும் வேறு வேறு பாதையில் போயின. ஊட்டிக்கு அரசாங்கம் வந்தது. கோடைக்காலத்தில் சென்னை அரசே மூட்டை கட்டிக்கொண்டு மலையேறியது. அதோடு கவர்னர் மாளிகை, குதிரைப் பந்தயம், கிளப் எல்லாம் வந்தன. 1908ல் மலை ரயிலும் ஊட்டியைத் தொட்டது. ஏற்காட்டுக்கு வந்தவர்கள் தோட்டத்துரைமார்களும் பாதிரிமார்களும். காப்பித் தோட்டங்களும் பள்ளிக்கூடங்களும் பெருகின. புகழ்பெற்ற மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917ல் தொடங்கியது. மலை ரயில் மட்டும் வரவேயில்லை.

பெயர் எப்படி வந்தது?

"ஏழைகளின் ஊட்டி" அரசாணை போட்டு வைத்த பெயர் அல்ல. பஸ் டிக்கெட்டும் ரூம் வாடகையும் சேர்ந்து வைத்த பெயர் என்று சொல்லலாம். சேலத்தில் ரயிலை விட்டு இறங்கினால் ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர்தான். 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஜில்லென்ற காற்று. காலையில் கட்டுச்சோறோடு ஏறி, ஏரியில் படகு விட்டு, லேடீஸ் சீட்டில் நின்று கீழே சேலத்தைப் பார்த்துவிட்டு, சாயங்கால பஸ்ஸில் வீடு திரும்பிவிடலாம். ரூம் போடும் செலவே கிடையாது. ஊட்டிக்குப் போக வசதி இல்லாத நடுத்தரக் குடும்பத்துக்கு இது வரப்பிரசாதம். அந்த நன்றியில் பிறந்த பெயர் என்பதால் அதில் கேலி இல்லை என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் கவனியுங்கள். இந்தப் பெயரில் வரும் "ஏழை" ஏற்காட்டில் வாழ்பவர் அல்ல, ஏற்காட்டுக்கு வந்து போகிறவர். மலையில் இருக்கும் ஏழை இந்தப் பெயருக்குள் இல்லவே இல்லை!

மலையை ஆள்பவர்கள்

சேர்வராயன் மலைக் கிராமங்களில் வாழும் பழங்குடியினருக்கு மலையாளி என்று பெயர். கேரளத்து மலையாளிகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளுக்குப் பிரிந்து போனார்கள், அவர்களின் வாரிசுகள்தான் நாங்கள் என்பது அவர்கள் சொல்லும் பழங்கதை.

தமிழக சட்டமன்றத்தில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதிகள் இரண்டே இரண்டு. ஒன்று சேந்தமங்கலம், இன்னொன்று ஏற்காடு. இதற்குக் காரணமே இந்த மக்கள்தான். 19ஆம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்கள் பரவப் பரவ மலை நிலம் கைமாறியது. தினையும் சாமையும் விதைத்தவர்கள் தோட்டங்களில் கூலிக்குப் போனார்கள். 20ஆம் நூற்றாண்டில் மேட்டூர் அலுமினிய ஆலைக்காக இதே மலையில் பாக்சைட் வெட்டினார்கள். இத்தனையும் நடந்த மலையின் கதை, "ஏழைகளின் ஊட்டி" என்ற இரண்டு வார்த்தையில் ஒரு டூரிஸ்டின் பர்ஸ் கதையாகச் சுருங்கிவிட்டது.

திருவிழாவில் நடக்கும் ராட்சதர்கள்

ஒரு ஊர் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறது என்று தெரிய வேண்டுமானால் பட்டப்பெயரை விடத் திருவிழாவைப் பார்ப்பது நல்லது. பெல்ஜியத்தில் ஆத் என்று ஒரு சின்ன ஊர். ஒவ்வொரு ஆகஸ்ட் மாதமும் அங்கே சுமார் நான்கு மீட்டர் உயர கோலியாத் பொம்மை வீதியுலா வரும். உள்ளே ஒரு ஆள் நின்று தூக்கிக்கொண்டு ஆட வேண்டும். ஊர்வலத்துக்கு முந்தைய நாள் கோலியாத்துக்குக் கல்யாணமே நடக்கும்! பெல்ஜியம், பிரான்ஸ் நாடுகளின் இந்த ஊர்வல ராட்சதர்களை யுனெஸ்கோ 2005ல் மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. அந்த ஊர்க்காரர்களுக்குக் கோலியாத் பொம்மை அல்ல, வீட்டு ஆள் மாதிரி.

ஏற்காட்டிலும் அதன் அடிவாரத்திலும் இப்படிப் பிரம்மாண்டங்கள் உண்டா? உண்டு, மூன்று விதமாக.

முதலாவது, மே மாதக் கோடை விழா. அண்ணா பூங்காவில் பல்லாயிரக்கணக்கான பூக்களை அடுக்கி ஆளுயரத்தையும் தாண்டிய உருவங்கள் செய்து வைப்பார்கள். ஒரு வருஷம் இருந்தது அடுத்த வருஷம் இருக்காது. நாய்க் கண்காட்சி, படகுப் போட்டி என்று ஊரே அமளிதுமளிப்படும். பார்க்க அழகுதான், சந்தேகமில்லை. ஆனால் இதற்கு முன்மாதிரி எது? 1896ல் தொடங்கிய ஊட்டி மலர்க் கண்காட்சி! பட்டப்பெயரைப் போலவே விழாவும் ஊட்டியின் நிழலில்தான் நிற்கிறது. பூ ராட்சதர்கள் ஒரே இடத்தில் நிற்க, வெளியூர்க்காரர்கள் சுற்றி வந்து போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

இரண்டாவது, அதே மே மாதத்தில் நடக்கும் சேர்வராயன் கோயில் திருவிழா. கோயில் இருப்பது 5326 அடி உயரத்தில், மலை உச்சியில் ஒரு குகைக்குள். சேர்வராயனும் காவேரி அம்மனும் அங்கே இருக்கிறார்கள். அந்தக் குகை வழியாகக் காவிரி ஆற்றுக்கே போகலாம் என்று நம்புகிறவர்கள் உண்டு. திருவிழாவுக்கு மலைக் கிராமங்களிலிருந்து மக்கள் திரண்டு வருவார்கள். உள்ளே பெரிய சிலை எதுவும் இல்லை, தாழ்வான குகைதான். ஆனால் இவரைவிடப் பெரிய உருவம் வேறு யாருக்கு இருக்கிறது? மலை முழுவதும் அவர் பெயர். சேலத்தில் எந்த மொட்டை மாடியில் ஏறி வடக்கே பார்த்தாலும் தெரிவது சேர்வராயன்தான்.

மூன்றாவது, மலையடிவாரத்தில் சேலம் நகரின் குகைப் பகுதியில் ஆடி மாதம் நடக்கும் வண்டி வேடிக்கை. (இங்கே குகை என்பது பேட்டையின் பெயர்.) மாரியம்மன் பண்டிகையின்போது ஜோடித்த வண்டிகளில் சிவன், பார்வதி, முருகன், திருமால் என்று வேஷம் கட்டிய மனிதர்கள் புராணக் காட்சிகளாக நின்றபடி கோயிலைச் சுற்றி வருவார்கள். நூறு வருஷத்துக்கும் மேலாக நடக்கிறது. அந்தக் காலத்தில் மாட்டு வண்டி, இப்போது லாரியும் சீரியல் லைட்டும். வேஷம் கட்டுபவர்கள் சினிமாக்காரர்கள் அல்ல, அந்தந்தத் தெருவில் தினமும் பார்க்கும் ஆட்கள். நேற்று வரை பக்கத்து வீட்டு அண்ணனாக இருந்தவர் இன்று பத்தடி உயரத்தில் பரமசிவனாக வருவார். கீழே நிற்கும் கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். ஆத் ஊரின் கோலியாத்துக்கு நம்ம பக்கத்தில் நெருங்கிய சொந்தம் இதுதான்.

யார் பார்க்க, யாருக்காக?

பூங்காவின் பூ உருவங்கள் விருந்தாளிக்காக. வண்டியில் வரும் சாமிகள் தெருக்காரர்களுக்காக. குகைக்குள் இருக்கும் சேர்வராயன் மலைக்காரர்களுக்காக. பத்திரிகையில் படத்தோடு வருவது பெரும்பாலும் முதல் விழாதான். விருந்தாளியால்தான் கடைகளும் பஸ்களும் பிழைக்கின்றன என்பதால் கோடை விழாவைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் விருந்தாளி வைத்த பெயரே வீட்டுக்காரரின் பெயராகிவிட்டால், வீட்டுக்காரர் தன் வீட்டிலேயே காணாமல் போய்விடுவார்.

மே மாத சனி, ஞாயிறுகளில் ஏற்காட்டில் ரூம் தேடிப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். "ஏழைகளின்" என்ற பாதி இப்போது பொருந்துவதில்லை. "ஊட்டி" என்ற மீதிப் பாதி எந்தக் காலத்திலும் பொருந்தியதில்லை. ஏற்காடு ஏற்காடுதான்.

அடுத்த முறை அண்ணா பூங்காவைச் சுற்றிப் பார்த்தவுடன் திரும்பிவிடாமல், இன்னும் சில கிலோமீட்டர் மேலே போய் சேர்வராயன் கோயிலையும் பாருங்கள். ஊட்டியை வைத்து அளக்காமல் ஏற்காட்டைப் பார்க்க அதுதான் சரியான இடம். ஒரே விஷயம், உள்ளே போகும்போது தலை பத்திரம். குகை வாசல் தாழ்வு, பணக்காரரும் ஏழையும் குனிந்துதான் நுழைய வேண்டும்.