நெய்வேலிக் கரியும் ஒரு ஈடு இட்லியும்

நெய்வேலிச் சுரங்கத்தில் அப்போதுதான் வெட்டியெடுத்த பழுப்பு நிலக்கரியைக் கையில் வாங்கினால் முதலில் தெரிவது ஈரம். கரி என்றதும் நினைவுக்கு வரும் கறுப்போ பளபளப்போ இதில் இல்லை. மண்ணுக்கும் மரத்துக்கும் இடைப்பட்ட பழுப்பு. சில கட்டிகளில் மரத்தின் நார்வரிகூடத் தெரியும். எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீர்தான். வெயிலில் கிடந்தால் காய்ந்து, வெடித்து, உதிர்ந்துபோகும். மலைபோல் குவித்து வைத்தால் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு மெல்ல வினைபுரிந்து சூடேறி, சமயத்தில் தானாகவே பற்றிக்கொள்ளும். இந்தக் கரியில் ஒரு கிலோவை எடுத்துக்கொள்வோம். எரித்தால் சுமார் 1.1 கோடி ஜூல் வெப்பம் கிடைக்கும். அந்த 1.1 கோடி ஜூல் எங்கிருந்து வந்தது, எங்கே போய்ச் சேருகிறது என்று விடாமல் பின்தொடர்ந்து பார்த்தால், நடுநிலைப் பள்ளியின் வெப்பப் பாடம் முழுவதும் அதற்குள் இருக்கும்.

அது பிறந்தது சூரியனின் நடுவில். அங்கே ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியமாகின்றன. அப்போது வெளிப்படும் ஆற்றல் மேற்பரப்புக்கு வந்து ஒளியாகப் புறப்பட்டு, 15 கோடி கிலோமீட்டரை எட்டு நிமிடம் சொச்சத்தில் கடக்கிறது. நடுவில் இருப்பது வெற்றிடம். கடத்துவதற்குத் திடப்பொருள் இல்லை, சுழன்று எடுத்துச்செல்லத் திரவமோ வாயுவோ இல்லை. கதிர்வீசல் என்ற ஒரே வழியில்தான் வந்தாக வேண்டும். வந்த ஒளி சில கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பக்கத்தில் இருந்த ஒரு சதுப்புக் காட்டின் இலைகளில் விழுந்தது. ஒளிச்சேர்க்கை அதில் மிகச் சிறிய பங்கைப் பிடித்து வேதி ஆற்றலாகத் தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்தது. மரங்கள் சாய்ந்து சேற்றுநீரில் அமிழ்ந்தன. அங்கே ஆக்சிஜன் போதாததால் முழுதாக மக்கவில்லை. மேலே மணலும் களிமண்ணும் படிந்து அழுத்த, காடு கரியானது.

1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் தன் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு இறக்கியபோது தண்ணீரோடு கருமையான ஏதோ ஒன்றும் மேலே வந்தது. அது என்னவென்று அறியும் முயற்சியை அவர் விடவில்லை. 1956-இல் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியது; 1962-இல் சோவியத் உதவியுடன் முதல் மின் அலகு ஓடியது. கரிக்கு மேலிருக்கும் மண்ணை வாளிச் சக்கர இயந்திரங்கள் சுரண்டி எடுக்கின்றன. ஒரு டன் கரிக்கு ஐந்து கனமீட்டருக்கும் மேல் மண். கரிப்படிவத்துக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவு பகலாக இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்து நீர் பொங்கிவிடும். இந்த வேலைக்கெல்லாம் செலவாகும் மின்சாரத்தையும் நியாயமாக நம் கணக்கில்தான் கழிக்க வேண்டும். கணக்கில் வராத இன்னொன்றும் உண்டு. அந்த மண் சும்மா கிடந்த மண் அல்ல. அங்கே ஊர்களும் வயல்களும் இருந்தன. நிலம் கொடுத்த குடும்பங்கள் வேலைக்காகவும் இழப்பீட்டுக்காகவும் இன்றுவரை குரல் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. தமிழ்நாட்டில் விளக்குப் போடுகிற ஒவ்வொருவரும் இதைத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பாதி தண்ணீரான கரியைத் தொலைதூரம் ஏற்றிச் செல்வது கட்டுப்படியாகாது. அதனால்தான் அனல் மின் நிலையங்கள் சுரங்கத்தின் பக்கத்திலேயே இருக்கின்றன. கரி பெல்ட்டில் வந்து, அரைபட்டுத் தூளாகி, கொதிகலனுக்குள் ஊதப்படுகிறது. முதல் செலவு அங்கேயே. அரை கிலோ ஈரம் ஆவியாக வேண்டும். அதற்கே பத்து லட்சம் ஜூலுக்கு மேல் போய்விடும். அந்த ஆவி புகையோடு கலந்து வானத்துக்குப் போகிறது, நமக்கு ஒரு பயனும் தராமல்.

கொதிகலனின் உட்புறத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் வெப்பம் பரவும் மூன்று முறைகளும் அங்கே கையெட்டும் தூரத்தில் அடுத்தடுத்து நடக்கின்றன. நடுவில் 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் எரியும் தீ. நான்கு சுவர்களிலும் செங்கல்லுக்குப் பதில் எஃகுக் குழாய்கள், நெருக்கமாக நிறுத்தி வைத்த வரிசை. தீ குழாயைத் தொடாமலேயே அதன் வெப்பத்தில் பெரும்பங்கு கதிர்வீசலாகக் குழாயை அடைகிறது. குழாயின் சில மில்லிமீட்டர் எஃகை வெப்பக் கடத்தல் கடக்கிறது. வெளிப்பக்கத்து அணுக்களின் அதிர்வு பக்கத்து அணுக்களுக்குப் பரவிப் பரவி உள்பக்கம் சேருகிறது, எந்த அணுவும் இடம் மாறாமல். உள்ளே தண்ணீர். சூடான தண்ணீரும் நீராவிக் குமிழிகளும் எடை குறைந்து மேலேற, குளிர்ந்த நீர் வேறு குழாய்கள் வழியே கீழிறங்குகிறது: வெப்பச் சலனம். மேலே பிரிந்த நீராவியை மறுபடியும் புகையின் பாதையில் சூடாக்கி, 500 டிகிரிக்கு மேல் ஏற்றி டர்பைனுக்கு அனுப்புகிறார்கள்.

நீராவி விரிந்து தகடுகளைத் தள்ள, தண்டு நிமிடத்துக்கு 3,000 முறை சுழல்கிறது. வெப்பம் இயக்கமாகிவிட்டது. ஆனால் முழுதாக ஆகவில்லை. இங்கேதான் பெரும் இழப்பு. இயக்கம் வெப்பமாகும் எதிர்த்திசையில் இந்தத் தடை கிடையாது. இங்கிலாந்தில் மதுபான ஆலைக்காரரின் மகன் ஜேம்ஸ் ஜூல், 1840-களில், கீழிறங்கும் எடையால் தண்ணீருக்குள் துடுப்பைச் சுழற்றி, செலவான வேலை முழுவதும் வெப்பமாவதை அளந்து காட்டினார். ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் சூடாக்கத் தேவையான வேலை எவ்வளவு என்று அவர் கண்ட 772.55 என்ற எண் அவர் கல்லறையில் பொறிக்கப்பட்டிருக்கிறது. வேலையை முழுதும் வெப்பமாக்கலாம். வெப்பத்தை முழுதும் வேலையாக்க முடியாது என்பதன் அடித்தளத்தை 1824-இலேயே சாடி கார்னோ என்ற பிரெஞ்சு இளைஞர் எழுதிவிட்டார். மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பாயும் தண்ணீர்போல, வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குப் பாயும்போது மட்டுமே வழியில் வேலை வாங்க முடியும். ஆகவே ஒரு பகுதியைக் குளிர்ந்த பக்கத்தில் கொட்டியே ஆக வேண்டும்.

நெய்வேலிக்குப் போகிறவர்கள் தூரத்திலேயே காணும் அகன்ற கோபுரங்கள் அந்தக் கொட்டும் இடங்கள்தாம். அவற்றின் மேல் வெள்ளையாக எழுவது புகை அல்ல; குளிர்விப்பு நீரிலிருந்து எழுந்த ஆவி குளிர்ந்து நீர்த்துளிகளானது. புகைபோக்கி தனியாக, ஒல்லியாக, உயரமாக நிற்கும். நம் 1.1 கோடி ஜூலில் மின்சாரமாக மிஞ்சுவது சுமார் 33 லட்சம். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 36 லட்சம் ஜூல். ஆக ஒரு கிலோ கரிக்கு ஒரு யூனிட்கூட முழுதாகத் தேறவில்லை.

கம்பிப் பயணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மின்னோட்டம் கம்பியைச் சூடாக்கும். ஓட்டம் இரு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. அதனால் மின்னழுத்தத்தை 4 லட்சம் வோல்ட் வரை உயர்த்தி, ஓட்டத்தைக் குறைத்து அனுப்புகிறார்கள். அது படிப்படியாகக் குறைந்து வர, கடைசியில் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வீட்டுக்கு ஏற்றபடி 230 வோல்ட்டாக இறக்குகிறது. வழியில் கலந்துவரும் காற்றாலை, நீர்மின் மின்சாரத்திலிருந்து நம் கரியின் மின்சாரத்தைப் பிரித்தறிய முடியாது. கணக்கில் மட்டுமே அதன் பங்கைப் பின்தொடரலாம். வீட்டுக்கு வருவது தோராயமாக 28 லட்சம் ஜூல்.

வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். இதில் நெருப்பும் இல்லை, பழுக்கும் கம்பிச்சுருளும் இல்லை. கண்ணாடிக்கு அடியிலுள்ள செம்புச்சுருளில் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம், பாத்திரத்தின் அடியிலேயே மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. வெப்பம் பிறப்பது அந்த உலோகத்தில்தான். மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்ட மின்காந்தத் தூண்டலால்தான் நெய்வேலி ஜெனரேட்டரும் மின்சாரம் தருகிறது, இந்த அடுப்பும் சூடாகிறது. பாட்டி காலத்து அலுமினிய இட்லிப் பானையை இதில் வைத்தால் சூடேறாது. அடியில் காந்தம் ஒட்ட வேண்டும்.

பானையின் அடியிலிருந்து கடத்தலால் தண்ணீருக்கு, சலனத்தால் தண்ணீர் முழுவதற்கும். ஒரு லிட்டரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 3 லட்சம் ஜூல். அதன்பின் எவ்வளவு கொதித்தாலும் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது. கொடுக்கும் வெப்பமெல்லாம் தண்ணீரை ஆவியாக்குவதற்கே செலவாகிறது. ஒரு கிராமுக்கு 2,257 ஜூல், உள்ளுறை வெப்பம். ஆவி மேலே போய், தட்டில் ஊற்றிய குளிர்ந்த மாவின்மேல் பட்டுத் தண்ணீராகும்போது, ஒளித்து வைத்த அந்த 2,257 ஜூலையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. இட்லி வேகிறது. கையில் கொதிநீர் பட்டதைவிட ஆவி பட்டால் ஏன் அதிகம் வெந்துபோகிறது என்பதற்கும் இதுவே விடை. ஒரு கிராம் கொதிநீர் உடல் சூட்டுக்கு ஆறும்போது தருவது 264 ஜூல்தான். ஆவியானால் அதோடு இந்த 2,257-ம் சேரும். பானையைத் திறக்கும்போது மூடியின் எதிர்ப்பக்க விளிம்பை முதலில் தூக்கி, ஆவி தன் பக்கம் வராமல் எதிர்ப்பக்கம் போகும்படி திறக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

மாவின் மேற்பரப்பில் சேர்ந்த வெப்பம் உள்ளே போவது கடத்தலால், மிக மெதுவாக. மாவு நொதித்தபோது உண்டான குமிழிகளில் காற்றும் கார்பன் டை ஆக்சைடும் இருக்கின்றன. வாயுக்கள் வெப்பத்தை அரிதாகவே கடத்தும். எனவே நடுப்பகுதி கடைசியில்தான் வேகும். வெந்ததா என்று நடுவில் குத்திப் பார்ப்பது அதனால்தான்.

சூடேற்றவும் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆவி கட்டவும் ஆகும் செலவைக் கூட்டினால், நம் ஒரு கிலோ கரிக்கு இரண்டு அல்லது மூன்று ஈடு இட்லி தேறும்.

இட்லியைத் தட்டில் எடுத்து வைத்தபின் அந்த ஆற்றல் என்ன ஆயிற்று? அழியவில்லை. இட்லி ஆறியது; காற்றும் சுவரும் கண்ணுக்குத் தெரியாத அளவு சூடேறின. ஆனால் 30 டிகிரிச் சுவரில் பரவிக்கிடக்கும் வெப்பத்தை வைத்து எந்த டர்பைனையும் சுற்ற முடியாது. இரவில் சுவரும் மொட்டைமாடியும் அதை அகச்சிவப்புக் கதிராக வானத்தை நோக்கி வீசுகின்றன, விண்வெளிக்கே போய்ச் சேரும்படி.

போகும் வழியில் ஒரு தடை இருக்கிறது. அந்த ஒரு கிலோ கரி எரிந்தபோது ஏறத்தாழ ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடும் புகைபோக்கி வழியே வெளியேறியது. சூரிய ஒளியை உள்ளே விட்டுவிடும் அந்த வாயு, தரையிலிருந்து கிளம்பும் அகச்சிவப்புக் கதிரில் ஒரு பகுதியை உறிஞ்சித் திரும்பவும் தரைப்பக்கம் வீசுகிறது. பாடநூல்கள் இதைச் சுற்றுச்சூழல் என்ற தலைப்பில் தனியாக வைக்கின்றன. கதிர்வீசலைச் சொல்லித்தரும் அதே வகுப்பில், அதே கரும்பலகையில் இதையும் வரைந்து காட்ட வேண்டும். கரி எரிந்தது சில நொடிகள். அதிலிருந்து வந்த வாயுவில் ஏறத்தாழப் பாதியைக் கடலும் செடிகொடிகளும் எடுத்துக்கொள்ளும். மீதியில் பெரும்பகுதி நூற்றாண்டுக் கணக்கில் காற்றிலேயே இருந்து, எரிந்தபோது கிடைத்ததைப்போல் பல மடங்கு வெப்பத்தைப் பூமியில் தடுத்து வைக்கும்.